பேதியானால் தண்ணீரை நிறுத்தாதீர்கள்



வெயிலில் களை எடுத்து வந்தால் நாக்கு வறளுது. சிறுநீரும் கொஞ்சமாக, மஞ்சளாகப் போகுது. ஏன் தெரியுமா?

உடம்பில் தண்ணீர் குறைந்ததும், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஒரு ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தில் தண்ணீரை வீணாகாமல் தடுக்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போலிருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து உப்பைக் காக்கிறது.

இவை இரண்டும் மடை அடைப்பவர்கள் மாதிரி. இருக்கிற தண்ணீரைக் காப்பார்கள். இல்லாத தண்ணீரைக் கொண்டுவர முடியாது. அதை நாம்தான் கொடுக்கணும்.

குழந்தைக்குப் பேதியானால் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போகும். "தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீரும் போதாது. 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் கரையுங்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும், சிறிது சிறிதாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

கண் குழிந்து, குழந்தை துவண்டு, சிறுநீரே போகவில்லையா? ஹார்மோன்கள் மட்டும் இனிச் சமாளிக்க முடியாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். வழியிலும் கரைசலை ஊட்டுங்கள்.

கணவன்மார்களே, "அது அவ வேலை" என்று இருந்துவிடாதீர்கள். இரவில் இருவரும் முறை வைத்து ஊட்டுங்கள்.

போன நீரையும் உப்பையும் கொடுப்போம், பிள்ளையைக் காப்போம்!