ஆஸ்டின் வண்டியின் வயது

கேள்வி: தந்தையார் விட்டுச்சென்ற ஆஸ்டின் ஏ40 காரின் ஆர்.சி. புத்தகத்தில் 1951 என்றிருக்கிறது. தொழிற்சாலைப் பதிவேட்டால் சரியான தேதியை அறியலாமா?
- வாசகர், மரக்காணம்

பதில்: இங்கிலாந்தின் லாங்பிரிட்ஜ் ஆலையிலிருந்து பாகம் பாகமாகப் பெட்டிகளில் கப்பலேறி வந்து, 1948-ல் ஸ்தாபிதமான அசோக் மோட்டார்ஸின் எண்ணூர்த் தொழிற்சாலையில் பூட்டப்பெற்ற வண்டிகளுள் தங்களுடையதும் ஒன்றாயின், சீமைப் பதிவேட்டுத் தேதி பெட்டி புறப்பட்ட காலத்தைக் காட்டக்கூடுமேயன்றி, வண்டி முழு ரூபம் பெற்ற தினத்தைக் காட்டாது. ஆர்.சி.யிலுள்ள ஆண்டோ, பதிவு செய்த ஆண்டாகவும் இருக்கலாம். ஆகவே வருஷத்தைத் தோராயமாக ஏற்கலாம்; நாளைச் சாதிப்பது நியாயமன்று. சாஸி எண்ணே பிரதான சாட்சியம். உப்பளக் காற்று அதை அரித்துவிடுமுன், மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, இன்றே பிரதியெடுத்து வையுங்கள்.