மென்பொருள் ரேடியோவில் பழுது காணும் முறை

வானொலி ஏற்பியில் சமிக்ஞையைத் தேர்ந்தெடுப்பது, வடிகட்டுவது, ஒலியைப் பிரித்தெடுப்பது ஆகிய வேலைகளை முன்னர்ச் சுருள்களும் மின்தேக்கிகளும் வால்வுகளும் செய்துவந்தன. மென்பொருள் ரேடியோவில் இவற்றின் பெரும்பகுதி கணக்கீடாக மாறிவிடுகிறது. ஏரியலில் வரும் சமிக்ஞையை ஒரு சிறு கருவி எண்களாக்கித் தருகிறது. எஞ்சியதைக் கணிப்பொறி கவனித்துக்கொள்கிறது. ஆகவே பழுது நேருங்கால் அது கம்பியில் உள்ளதா, கணக்கில் உள்ளதா என்று முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

பள்ளிகளிலும் களநிலையங்களிலும் மிகுதியாகக் காணப்படுவது ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் மலிவான கருவியாகும். இதிலுள்ள ரியல்டெக் சில்லு டெலிவிஷன் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதனின்று மூல எண்களை நேரே பெறலாம் என்பது 2012ஆம் ஆண்டில் பரவலாகத் தெரியவந்தது; ஆஸ்மோகாம் குழுவினர் அதற்குரிய திறந்தமூல மென்பொருளை ஆக்கி அளித்தனர். ஆர்820டி டியூனர் கொண்ட கருவி ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்கும்.

இந்தப் பிறப்பு வரலாறே முதற்பழுதுக்குக் காரணம். லினக்ஸ் கணிப்பொறியில் கருவியைச் செருகியவுடன், கணிப்பொறி அதனை டெலிவிஷன் கருவி என்றே கருதித் தன் டிரைவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. பின்னர் வரும் ரேடியோ மென்பொருளுக்குக் கருவி கிடைப்பதில்லை. கருவி கெட்டுவிட்டது என்று எண்ணி ஒதுக்கப்படுவனவற்றுள் பல இத்தகையனவே. அந்த டெலிவிஷன் டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்து, கருவியைக் கழற்றி மீண்டும் செருகினால் போதும். நிர்வாகி உரிமையுடன் திறந்து, சாதாரணப் பயனருக்குத் திறக்காவிடில் அது அனுமதிக் குறைவேயன்றி வேறன்று. விண்டோஸில் ஜாடிக் என்னும் சிறு மென்பொருளைக் கொண்டு வின்யுஎஸ்பி டிரைவரைப் பொருத்துவது வழக்கம்.

கருவி திறந்தும் ஒலி துண்டுதுண்டாக வருமாயின் வேகக் கணக்கைப் பார்க்கவேண்டும். வினாடிக்கு 24 இலட்சம் மாதிரிகள் எடுக்கும்போது, மாதிரி ஒன்றுக்கு 2 பைட் வீதம் வினாடிக்கு 48 இலட்சம் பைட்டுகள் யுஎஸ்பி வழியே செல்கின்றன. வேகத்தை 32 இலட்சமாக உயர்த்தினால் இடையிடையே எண்கள் தவறிப்போவதைக் காணலாம். ஆர்டிஎல்-டெஸ்ட் கட்டளையைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் இழப்பை அதுவே அறிவிக்கும். தொடங்கும்போது சிறிது தவறுவது பொருட்படுத்தத்தக்கதன்று. தொடர்ந்து தவறினால் வேகத்தைக் குறைத்து, கம்பியையும் இடைப்பெட்டியையும் மாற்றிப் பார்க்கவேண்டும்.

இழப்பு இல்லாமலும் ஒலி கெடலாம். ஜிஎன்யு ரேடியோவில் 24 இலட்சத்தைப் பத்தால் வகுத்து 2,40,000 ஆக்கி, அதனை ஐந்தால் வகுத்தால் ஒலிஅட்டைக்கு உரிய 48,000 கிடைக்கும். ஐந்துக்குப் பதில் ஆறு என்று ஓரிடத்தில் எழுதிவிட்டால் 40,000 மட்டுமே வரும். ஒலிஅட்டை பசித்து நின்று ஒலி அறுபடும். நான்கு என்று எழுதினால் 60,000 வந்து குவியும். குரல் தாழ்ந்து இழுபடும். கருவியின்றிப் பயிலும்போது சேர்க்கப்படும் த்ராட்டில் கட்டத்தை, கருவியை இணைத்தபின் நீக்கிவிடவேண்டும். இன்றேல் ஒரே ஓட்டத்தைக் கட்டுப்படுத்த இரு கடிகாரங்கள் போட்டியிடும்.

நிலையம் உரிய இடத்தினின்று சற்று விலகித் தோன்றுவது படிகத்தின் பிழையாகும். பத்து இலட்சத்தில் 50 பங்கு பிழையுள்ள கருவியில், டில்லியின் 102.6 மெகாஹெர்ட்ஸ் பண்பலை நிலையம் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸ் விலகும். அகன்ற பண்பலையில் இது தெரியாது, 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள தடத்தில் பேச்சையே கெடுத்துவிடும். கருவி சூடேறி நிலைபெற இருபது நிமிடம் விட்டுப் பின் திருத்தம் இடுவது நன்று.

இவையனைத்தினும் கவனத்திற்குரியது இல்லாத சமிக்ஞை இருப்பதாகத் தோன்றுவது. அருகில் 93.5, 107.5 மெகாஹெர்ட்ஸ் என இரு வலிய நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். பெருக்கம் மிகுதியாக வைக்கப்பட்டிருப்பின், கருவிக்குள் அவை கலந்து, 107.5இன் இருமடங்கிலிருந்து 93.5ஐக் கழித்த 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு போலியை உண்டாக்கும். அதுவோ விமானங்களின் அபாய அழைப்புக்கென ஒதுக்கப்பட்ட அலைவெண்! அங்கே யாரோ சட்டவிரோதமாக ஒலிபரப்புகின்றனர் என்று களப்பணியாளர் அறிக்கை அனுப்பிவிட்டால், பிறர் வீணே தேடி அலைய நேரிடும். உண்மையான அழைப்பு வந்தாலும் அதனைப் போலி என்று தள்ளும் பழக்கமும் வந்துவிடும்.

சோதனை எளிது. ஏரியலைக் கழற்றியபின்னும் சமிக்ஞை நிற்குமானால் அது கருவியிலோ கணிப்பொறியிலோ பிறந்தது. 144.0 மெகாஹெர்ட்ஸில் தோன்றும் கோடு இவ்வகைத்து, கருவியின் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் ஐந்தாம் மடங்கு அது. ஏரியலைக் கழற்றியதும் மறையுமாயின் 10 டெசிபெல் தணிப்பானை இடையில் பொருத்திப் பார்க்கவேண்டும். உண்மைச் சமிக்ஞை 10 டெசிபெல் மட்டும் தாழும். மேற்கூறிய கலப்புப் போலி ஏறத்தாழ 30 டெசிபெல் தாழ்ந்து பெரும்பாலும் மறைந்தே போகும். தணிப்பான் இல்லாத நிலையத்தில் பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைத்து இதனை ஓரளவு அறியலாம். அறிக்கையில் அலைவெண்ணோடு, நேரம், பெருக்கத்தின் அளவு, தணிப்பானுடனும் இன்றியும் கண்ட அளவுகள் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும்.