ஆடையின் ஈரம் அறிதல்

நுழையும்முன்

ஆடை நனைந்திருப்பதை விரல் உணர்ந்துவிடும். எவ்வளவு நனைந்துள்ளது என்பதை அதனால் கூற இயலாது. அதனைக் கூறும் சிறு கருவியைப் பற்றியது இப்பாடம்.

மாங்கனிக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் குருபரப்பள்ளி. இன்று அங்குச் சிப்காட் தொழிற்பூங்காவும் உண்டு. இத்தகைய தொழில் வட்டாரங்களில் பற்றவைப்போர் தடித்த காப்பாடை அணிவர். தூசி படாமல் மின்னணுப் பொருள்களைப் பொருத்துவோர் உடல் முழுவதும் மூடும் மேலங்கி அணிவர். அவ்வாடைகள் தீப்பொறியையும் தூசியையும் தடுக்கின்றன. கூடவே, வியர்வை ஆவியாவதையும் தடுக்கின்றன.

வியர்ப்பதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை. ஒரு கிராம் வியர்வை தோலின்மீது ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. ஆவியாகாமல் ஆடைக்குள் ஊறி நின்றால் அப்பயன் கிட்டாது. உடலின் வெப்பநிலை ஏறும். தலைசுற்றலும் மயக்கமும் தோன்றும். முற்றினால் உயிருக்கே கேடாகும். கோடையில் உழைப்பவருக்கு ஆடையின் ஈரம் வெறும் அசௌகரியம் அன்று.

ஆய்வகத்தில் ஈரத்தை அளப்பது எளிது. துணியை எடைபோட்டு, 105 பாகை செல்சியஸ் அளவில் உலர்த்தி, மீண்டும் எடைபோடுவர். 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 விழுக்காடு நீரை ஏற்றிருக்கும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடே ஏற்கும். எடைபோட்டு விற்கும் பருத்தி நூலில் இந்நீரும் விலைபோகிறது என்பதை வணிகர் நன்கறிவர்! ஆயினும், பணியில் இருப்பவரின் ஆடையைக் கழற்றி உலர்த்தி எடைபோட இயலுமா?

இங்கு உதவுவது வெப்ப உணரி. மிளகினும் சிறிய தெர்மிஸ்டர் ஒன்றைத் துணியோடு இணைப்பர். வெப்பநிலை மாறினால் அதன் மின்தடையும் மாறும். சில நொடிகள் சிறிதளவு மின்னோட்டம் செலுத்தினால் அது சற்றே சூடேறும். உலர்ந்த துணியின் இழைகளுக்கிடையே காற்று நிறைந்துள்ளது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உணரியின் வெப்பநிலை விரைந்து உயரும். துணி நனைந்தால் காற்றிருந்த இடத்தில் நீர் புகும். அசையாக் காற்றைவிட நீர் இருபது மடங்கிற்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். அதே மின்னோட்டத்திற்கு உணரி குறைவாகவே சூடேறும். அக்குறைவே ஈரத்தின் அளவை உணர்த்தும்.

துணியின் மின்தடையை நேரடியாக அளந்தும் ஈரம் அறியலாம். ஆனால், வியர்வையிலுள்ள உப்பு மின்சாரத்தை மிகுதியாகக் கடத்தி அளவைப் பிறழச் செய்யும். வெப்ப முறையில் உப்பினால் நேரும் பிழை சிறிது.

துணியையும் வெப்பமானியையும் இணைத்து ஈரம் அறிவது நெசவுத் தொழிலுக்குப் புதிதன்று. நனைந்த துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானி நூற்பாலைச் சுவர்களில் நெடுங்காலமாகத் தொங்கிவந்துள்ளது. அது காற்றின் ஈரத்தைச் சொன்னது.

புதிய உணரிக்கும் இடர்ப்பாடுகள் உண்டு. உடற்சூடு மாறினால் அளவும் மாறும் என்பதால், சூடேற்றாத மற்றோர் உணரியை அருகில் வைத்து வேறுபாட்டைக் கணக்கிடுவர். மின்விசிறிக் காற்றும், ஆடை உடலோடு அழுந்துவதும் அளவைக் குழப்பும். பருத்திக்கு வகுத்த அளவுகோல் பாலியஸ்டருக்குப் பொருந்தாது. ஒவ்வொரு துணியையும் நனைத்து, எடைபோட்டு, உணரியின் அளவோடு ஒப்பிட்டே அளவுகோல் வகுக்க வேண்டும். இவற்றையெல்லாம் கடந்த பின்னும், நாள்தோறும் துவைக்கப்படும் ஆடையில் மெல்லிய மின்கம்பிகள் அறுபடாமல் காப்பது எளிதன்று.