படம் வந்தாச்சா? யார் சொல்வது?



அறிவியல் கண்காட்சியில் நான் வைத்த 'நம் புதுச்சேரி' வலைப்பக்கம் ஞாபகம் இருக்கா? படமே இல்லாத படப் பக்கம் என்று கேலி செய்தீர்களே, அதுதான்! ஏன் அப்படி ஆனது என்று பிறகு கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

பக்கத்தில் 6 படங்கள். ஆயி மண்டபம், காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம், 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம், பாரதியார் நினைவு இல்லம் (பாரதியார் 1908 முதல் 1918 வரை நம்ம ஊரில்தான் இருந்தார்). முதலில் 'காத்திருக்கவும்' என்று ஒரு சக்கரம் சுற்றும். 3 விநாடி கழித்துச் சக்கரம் மறைந்து, படங்கள் மெதுவாகத் தெரியும். இப்படித்தான் எழுதியிருந்தேன்.

லேபில் படங்கள் அதே கம்ப்யூட்டரில் இருந்தன. அதனால் 3 விநாடி தாராளம். கண்காட்சி அன்று செல்போன் நெட்டில் எடுத்தோம். 3 விநாடியில் ஒரு படம்கூட முழுசா வரலை. சக்கரம் போயிடுச்சு, வெள்ளைக் கட்டங்கள்தான் நின்றன. தலைமையாசிரியை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன், "அக்கா, படம் எங்கே?" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் தப்பு என்ன? கடிகாரத்தை நம்பினேன். படத்தைக் கேட்கவில்லை. சோறு வெந்ததா என்று அம்மா மணி பார்த்தா சொல்கிறார்? பானையைத்தானே பார்க்கிறார்!

மூன்று கேள்விகள்

படம், தலைப்பு, மெதுவாகத் தோன்றும் அசைவு எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி, அதற்கு நாமே ஒரு பெயர் வைக்கலாம். இதற்கு வெப் காம்போனென்ட் என்று பெயர். 2011-ல் அலெக்ஸ் ரஸ்ஸல் என்பவர் இந்த யோசனையைச் சொன்னார். பெயரின் நடுவில் ஒரு சிறு கோடு கட்டாயம் வேண்டும், 'puduvai-padam' என்பது போல. இந்தப் பெட்டி தயாரா என்று தெரிய மூன்று கேள்வி கேட்கணும்.

1. பெட்டியின் செய்முறை பிரவுசருக்கு வந்துவிட்டதா? 'வென் டிஃபைன்ட்' என்ற கட்டளை இதைச் சொல்லும். ஆனால் செய்முறை வந்தது என்றால் படம் வந்தது என்று அர்த்தம் இல்லை.

2. உள்ளே இருக்கும் படம் வந்துவிட்டதா? வந்தால் 'லோட்' என்றும், வராமல் போனால் 'எரர்' என்றும் படமே குரல் கொடுக்கும். இரண்டையும் கேட்கணும். 'லோட்' மட்டும் கேட்டால், உடைந்த படத்துக்காகக் கடைசி வரை காத்திருப்போம்.

3. அசைவு முடிந்ததா? 'டிரான்சிஷன்எண்ட்', 'அனிமேஷன்எண்ட்' என்ற குரல்கள் சொல்லும். நடுவிலேயே பெட்டியை மறைத்துவிட்டால் இந்தக் குரல் வராது. 'கேன்சல்' என்ற வேறு குரல் வரும். அதையும் கேட்கணும்.

கவனிக்க வேண்டியவை

நாம் காது கொடுப்பதற்கு முன்பே படம் வந்து சொல்லிவிட்டிருக்கலாம். ஒருமுறை பார்த்த பக்கத்தில் படம் சேமித்து வைக்கப்பட்டிருந்தால் இப்படி நடக்கும். மணி அடித்த பிறகு வாசலில் நின்று மணிச் சத்தத்துக்குக் காத்திருப்பது போலத்தான்! அதனால் முதலில் படத்தின் 'கம்ப்ளீட்' என்ற குறிப்பைப் பார்க்கணும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. உடைந்த படமும் 'ஆம்' என்றே சொல்லும். அதன் சொந்த அகலம் 0 என்று இருந்தால் உடைந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று, படம் 'லோட்' என்று சொல்வது அதன் வெளிப் பெட்டிக்குக் கேட்காது. எனவே உள்ளே இருப்பவை எல்லாம் முடிந்ததும், 'நான் தயார்' என்று பெட்டியே சொல்லும்படி நாம்தான் எழுதணும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே அது செல்லாது! ஒரு படம் வந்ததால் ஆறும் வந்ததாக ஆகாது. வகுப்பில் மிஸ் வருகைப் பதிவு எடுப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்கணும். 'ஆப்சென்ட்' என்பதும் ஒரு பதில்தான். இப்படி வந்ததையும் வராததையும் சேர்த்து, எல்லோரும் பதில் சொல்லும் வரை காத்திருக்க 'ஆல் செட்டில்டு' என்ற கட்டளை 2020-ல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சேர்ந்தது.

இப்போது என் பக்கத்தைத் திருத்திவிட்டேன். 6 பெட்டியும் பதில் சொன்ன பிறகுதான் சக்கரம் நிற்கும். வராத படத்தின் இடத்தில் 'இந்தப் படம் கிடைக்கவில்லை' என்று எழுத்து வரும். வெள்ளைக் கட்டம் இல்லை. நெட் மெதுவான அன்று 20 விநாடி ஆனது. ஆனால் பக்கம் பொய் சொல்லவில்லை. அந்த ஆறாம் வகுப்புத் தம்பியைக் கூப்பிட்டுத்தான் முதலில் காட்டினேன்.

ஞாபகம் வைத்துக்கொள்ள: நேரத்தை ஊகிக்காதே. முடிந்ததா என்று பார், இல்லையென்றால் காது கொடு. தோல்வியையும் கேள்.

சிந்திக்க ஒரு கேள்வி: நிற்காமல் சுற்றும்படி எழுதிய 'காத்திருக்கவும்' சக்கரம் எப்போது 'அனிமேஷன்எண்ட்' சொல்லும்?

விடை: சொல்லவே சொல்லாது! முடிவே இல்லாத சுற்றுக்கு முடிந்தது என்ற குரல் ஏது? அதை நாம்தான் நிறுத்தணும்.


— ஒன்பதாம் வகுப்பு மாணவி