எப்படி வந்தது? இந்த வாரம்: பைக்குள் அடங்கும் துப்பாக்கி

கேள்வி: கையடக்கமான சின்ன ரிவால்வர் எப்படி வந்தது? பெரிய துப்பாக்கியைத்தான் சுருக்கிச் செய்தார்களா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: சுருங்க வேண்டியிருந்தது துப்பாக்கி அல்ல, அதில் குண்டு போடும் வேலை. சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ரிவால்வரில், உருளையின் ஒவ்வொரு அறையிலும் மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இடித்து இறக்கி, பின்பக்கம் தனித்தனியாகத் தீப்பொறி தரும் கேப்பு மாட்ட வேண்டும். இத்தனை சாமானையும் கூடவே சுமந்தால் பையில் துப்பாக்கியை எங்கே வைப்பது?

1857-இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் மருந்து, குண்டு, கேப்பு மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்த .22 தோட்டாவையும், அதை ஏழு போடக்கூடிய குட்டி ரிவால்வரையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோட்டாவைப் பின்பக்கமாகச் செருக வேண்டுமானால் உருளையை முழுக்கத் துளைக்க வேண்டும். அந்தக் காப்புரிமை ரோலின் ஒயிட் என்பவரிடம் இருந்தது. அவரோடு ஒப்பந்தம் போட்டு, 1869 வரை அமெரிக்காவில் வேறு யாரும் அப்படிச் செய்யாமல் ஸ்மித் அண்ட் வெஸன் பார்த்துக்கொண்டது. காப்புரிமை முடிந்ததும் ஆளாளுக்கு இறங்கினார்கள். கடல் கடந்தும் இதே போக்குதான். 1872-இல் பர்மிங்காமில் வெப்லி நிறுவனம் இரண்டரை அங்குலக் குழலோடு ‘புல்டாக்’ ரிவால்வரைக் கொண்டுவந்தது. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடக்கும் துப்பாக்கிகளுக்கு அது முன்மாதிரி ஆயிற்று.

கேள்வி: நாயை விரட்டுவதற்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் ஒரு துப்பாக்கி செய்தார்களாமே?
– வாசகர், பாகூர்

பதில்: உண்மைதான். 1890-களில் பிரான்சில் சைக்கிள் மோகம் தலைக்கேறியிருந்தது. கிராமத்துச் சாலைகளில் சைக்கிளைக் கண்டால் நாய்கள் துரத்தும். பாரிசைச் சேர்ந்த கலாந்து நிறுவனம் இதற்கென்றே ‘வெலோடாக்’ என்ற குட்டி ரிவால்வரைச் செய்தது. தோட்டாவின் விட்டம் 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. நாயைக் கொல்ல மனமில்லாதவர்களுக்கு மிளகாய்த் தூள் அடைத்த தோட்டாவும் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது அமைப்பு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி, பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டும். அதனால் பல வெலோடாக்குகளில் சுத்தி உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும், விசை மடங்கிக்கொள்ளும். ஸ்மித் அண்ட் வெஸன் 1887-லேயே சுத்தி வெளியே தெரியாத ரிவால்வரை விற்றது. இன்றைய பாக்கெட் ரிவால்வர்களிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

கேள்வி: வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டது ரிவால்வரால்தானா? அது புதுச்சேரியிலிருந்து போனதா?
– வாசகர், கிருமாம்பாக்கம்

பதில்: ரிவால்வர் அல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வெடித்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அதில் சுழலும் உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்காக இருக்கும், சுடச் சுட அடுத்தது தானாக மேலேறும். உருளையின் புடைப்பு இல்லாததால் தட்டையாக உடையோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ரகம் இந்தியாவுக்குள் வந்த வழிகளில் ஒன்று: 1909-இல் லண்டனிலிருந்து புரட்சியாளர் சாவர்க்கர் இருபது பிரௌனிங்குகளைப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் மறைத்து அனுப்பினார். அவற்றுள் ஒன்றுதான் அந்த டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது.

இனி புதுச்சேரி விஷயம். லண்டனில் சாவர்க்கரோடு இருந்த வ.வே.சு. ஐயர் 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். கருவடிக்குப்பம் தோப்பில் அவர் வாஞ்சிக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார் என்று இங்கே பரவலாகச் சொல்வார்கள். 1878-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் அன்று பிரெஞ்சு மண்ணாக இருந்த புதுச்சேரியில் செல்லாது. வில்லியனூர், பாகூர்ப் பக்கம் எல்லை எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்: அன்று ஒரு வயல் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்தது பிரிட்டிஷ்காரனுடையது.

கேள்வி: நம் நாட்டில் லைசென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் .32 ரிவால்வரே வைத்திருக்கிறார்களே, அது அவ்வளவு சிறந்ததா?
– வாசகர், சேதராப்பட்டு

பதில்: சிறந்தது என்பதால் அல்ல, சர்க்கார் விட்டுவைத்தது என்பதால். படையும் போலீசும் பயன்படுத்திய .38, .455, 9 மி.மீ. கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட ரகம். மீதி இருந்ததில் முக்கியமானது .32. ஸ்மித் அண்ட் வெஸன் 1896-இல் கொண்டுவந்த நீளத் தோட்டா அது. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பழைய வெப்லி ரிவால்வரின் அமைப்பையே எடுத்து அந்தத் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்தது. 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2014-இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ ரிவால்வர் வந்தது. எடை அரைக் கிலோ, அப்போது விலை ஒரு லட்சத்துக்கும் மேல். 2023-இல் உருளை பக்கவாட்டில் திறக்கும் ‘பிரபல்’ வந்தது. வடிவம் மாறினாலும் தோட்டா அதே .32-தான்.

ஓர் எச்சரிக்கை. ரிவால்வருக்கு ஒரு .32, பிஸ்டலுக்கு வேறொரு .32 என்று இரண்டு உண்டு. பிஸ்டல் தோட்டா குட்டையானது, அழுத்தம் கூடியது; அதை ரிவால்வரில் போடக் கூடாது. கடையில் வெறுமனே ‘முப்பத்திரண்டு’ என்று கேட்காமல், எதற்கு என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேள்வி: லைசென்ஸ் இருந்தால் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாமா, எல்லோருக்கும் தெரியும்படிதான் வைக்க வேண்டுமா?
– வாசகர், திருபுவனை

பதில்: மறைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும்! அமெரிக்காவில் கதை நேர்மாறாகத் தொடங்கியது. கென்டக்கியும் லூசியானாவும் 1813-லேயே மறைத்து வைப்பதைக் குற்றமாக்கின; வெளியே தெரிய வைத்திருப்பவன் யோக்கியன், ஒளிப்பவன் கொலைகாரன் என்பது அன்றைய எண்ணம். பிற்பாடு பல மாநிலங்களில் மறைத்து வைக்கத் தனி அனுமதி கேட்டார்கள். நம் 2016 ஆயுத விதிகளோ, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ முழுக்க மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவர் பிடியிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. எடுத்துக் காட்டி மிரட்டுவது குற்றம்.

லைசென்சுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும், பயிற்சிச் சான்றும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. கல்யாண ஊர்வலத்தில் பிறருக்கு ஆபத்து வரும்படி வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது ரசீது வாங்க மறக்காதீர்கள்.