கஞ்சா சேர்ந்த மருந்தும் நோயாளியின் வயதும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலைத் தமிழகத்தின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சூழ்ந்திருப்பதால், எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டினால் சட்டமும் மாறும் என்பது இவ்வூர் மக்களுக்குப் பழகிப்போன உண்மையாகும். மது வாங்கும் வயது எல்லைக்கு இப்பால் 18, அப்பால் 21 என்று இருப்பதே அதற்குப் போதிய சான்று. அந்தப் பழக்கத்தில், கஞ்சா சேர்ந்த மருந்தை மருத்துவர் எழுதித்தருவதற்கும் ஒரு வயதெண் இருக்கும் என்றும், அது காரைக்காலில் சற்றுத் தாராளமாகவே இருக்கும் என்றும் எண்ணத் தோன்றும். இரண்டும் தவறு.

இதனை ஆளும் 1985ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான மத்தியச் சட்டமாகும். செடியின் பூத்த அல்லது காய்த்த நுனியையே ‘கஞ்சா’ என்று வரையறுக்கும் அச்சட்டம், நுனியோடு சேராத இலையையும் விதையையும் அவ்வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆயுர்வேத மருந்தாளர்கள் ‘விஜயா’ என்ற பெயரில் இலையைக் கொண்டு மருந்து செய்து விற்க முடிவது இந்த விலக்கினால்தான். ஆனால், 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளில் உள்ள ‘இ(1)’ அட்டவணை, அதாவது ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுத்தன்மையுள்ள பொருள்களின் பட்டியல், இச்செடியையும் உள்ளடக்கியது. எனவே இது கடையில் கேட்டு வாங்கிப் பார்க்கும் சூரணமன்று. இவ்விரு சட்டங்களிலும் நோயாளியின் வயது பற்றிய வரம்பு எதுவும் இல்லை.

வயது நுழைவது வேறொரு வாசல் வழியாக. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி, தகுதிபெற்ற மருத்துவரின் ஆணையின்றி 18 வயது நிரம்பாத ஒருவருக்குப் போதைமருந்தைக் கொடுப்பவர் ஏழாண்டு வரை கடுங்காவலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கும் உள்ளாகலாம். கொடுப்பவர் தாயா தந்தையா என்று அப்பிரிவு பார்ப்பதில்லை. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் சம்மதம் சம்மதமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதா கூறுவதால், கையெழுத்தும் பொறுப்பும் பெற்றோருடையவை. தொலைபேசி வழி ஆலோசனையும் இங்குக் கைகொடுக்காது: 2020 மார்ச்சில் அலோபதி மருத்துவர்களுக்கு வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், சிறார் ஒருவரோடு பெரியவர் உடனிருக்க வேண்டும் என்பதோடு, போதைமருந்துச் சட்டத்தில் அடங்கிய எதையும் அவ்வழியில் எழுதித்தரக் கூடாது என்றும் தடுக்கிறது.

வயது பற்றிய உண்மையான கேள்வி சட்டத்தைவிட மருத்துவத்தையே சார்ந்தது. செடியிலுள்ள டி.எச்.சி. என்னும் பொருள்தான் மயக்கம் தருவது. வளரும் மூளைக்கு அது தீங்கானது என்பதால் பல நாடுகள் இளையோரை விலக்குகின்றன. தாய்லாந்து 2022இல் கஞ்சாவைத் தாராளமாக்கியபோதும் 20 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுத்தது. சி.பி.டி. என்னும் கன்னாபிடியால் மயக்கம் தராதது. அதைத் தூய்மைப்படுத்திச் செய்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை, டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ ஆகிய கடும் வலிப்பு நோய்களுக்காக, அமெரிக்கா 2018இல் இரண்டு வயது முதலும் 2020இல் ஒரு வயது முதலும் அனுமதித்தது. ஒரே செடி, ஓரிடத்தில் இருபது வயது வரை விலக்கு, மற்றோரிடத்தில் கைக்குழந்தைக்கும் மருந்து. ஆகவே எந்தப் பொருள், எந்த நோய்க்கு, யார் எழுதித்தருவது என்று கேட்காமல் வயதை மட்டும் கேட்பது வீண்.

வலிப்புள்ள பிள்ளையை வளர்க்கும் வீடுகள் அறிந்திருக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் பெரிதும் வழங்கும் வால்புரோயேட் மாத்திரையோடு கன்னாபிடியால் சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும்; குளோபசாமோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கம் மிகும். அதனால், பிள்ளையின் இன்றைய எடை, இதுவரை கொடுத்த மாத்திரைகளின் பெயர், அளவு, வலிப்பு வந்த நாளும் நேரமும், கடைசியாக எடுத்த கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதிக்கொண்டு, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களிலுள்ள நரம்பியல் மருத்துவரை நேரில் பார்ப்பதே முறை. சித்த மருத்துவரிடம் சென்றாலும் அதே நோட்டைக் காட்ட வேண்டும். அங்கே சாப்பிடுவதை இங்கே மறைப்பதில்தான் ஆபத்து உள்ளது.

காரைக்காலுக்கே உரிய சிக்கல் ஒன்று பிரான்சிலிருந்து வருகிறது. அங்குள்ள உறவினர் கடையில் சட்டப்படி வாங்கும் சி.பி.டி. எண்ணெய்க் குப்பியை அன்பினால் பெட்டியில் வைத்துக் கொண்டுவரக்கூடும். இந்தியச் சட்டமோ கஞ்சாச் செடியின் சாற்றையும் கரைசலையும் ‘மருத்துவக் கஞ்சா’ என்றே பெயரிட்டு, தயாரிக்கப்பட்ட போதைமருந்துகளுள் சேர்த்திருப்பதால், இறக்குமதி அனுமதியின்றி விமான நிலையத்தில் பிடிபட்டால் பிரெஞ்சுக் கடையின் ரசீது காப்பாற்றாது. அப்படி வந்த எண்ணெயைப் பிள்ளைக்குக் கொடுத்தால் மேற்சொன்ன 77ஆவது பிரிவும் குறுக்கே வரலாம்.

உரிமம் பெற்ற மருந்தானாலும் குப்பியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘இ(1)’ பொருள் சேர்ந்த உள்மருந்தின் மேலுறையில், மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என விதி கூறுகிறது. ஆனால் அது கேட்பது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. பகலில் பிள்ளைக்கு மருந்தூட்டும் பாட்டிக்கு அவ்விரு எழுத்தும் தெரியாமல் இருக்கலாம். மருந்து வீட்டுக்கு வந்த அன்றே அவ்வெச்சரிக்கையையும் வேளை அளவையும் தமிழில் எழுதிக் குப்பியின் மேல் ஒட்டிவிடுங்கள்.