தண்டவாளம் கடலில் முடிந்த ஊர்

ரயில்வேக்காரன் எந்த ஊரைப் பற்றிப் படித்தாலும் பாதை எங்கே போகிறது என்றுதான் முதலில் பார்ப்பான். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கடலோர நுனியில் இருக்கும் பிராவின்ஸ்டவுனுக்கு 1873-ல் ரயில் வந்தது. மீன் ஏற்றுவதற்காகத் தண்டவாளம் படகுத்துறையின் மேலேயே கடலுக்குள் நீண்டது. தனுஷ்கோடிக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி எளிதில் விளங்கும். அந்த ரயிலில் பின்னாளில் ஓவியர்கள் வந்து இறங்கினார்கள். ஆணை நேசித்த ஆண்களும் பெண்ணை நேசித்த பெண்களும் அவர்களிடையே இருந்தார்கள். அவர்களுக்கு அங்கே எப்படி இடம் கிடைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் போர்ச்சுக்கீசிய மீனவக் குடும்பங்கள் நிறைய இருந்தன. தாங்களும் கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள். கோயிலுக்குத் தவறாமல் போகும் கத்தோலிக்கர்கள். திமிங்கல வேட்டை நலிந்திருந்த காலத்தில், 1898 நவம்பர்ப் புயல் படகுத்துறைகள் பலவற்றையும் உடைத்துவிட்டது. மறு ஆண்டே சார்ல்ஸ் ஹாதார்ன் அங்கே ஓவியப் பள்ளி திறந்தார். மாணவர்களுக்குத் தங்க அறை வேண்டும், மீனவர் வீட்டுப் பெண்களுக்குக் கைச்செலவுக்குப் பணம் வேண்டும். மாடி அறையும் மீன் கொட்டகையும் வாடகைக்குப் போயின.

1914-ல் ஐரோப்பாவில் போர் மூண்டதால் அங்கிருந்த கலைஞர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். 1916 கோடையில் பிராவின்ஸ்டவுனில் தங்கியவர்களில் சார்ல்ஸ் டெமுத், மார்ஸ்டன் ஹார்ட்லி என்ற இரு ஓவியர்களும் உண்டு. இருவரும் தன்பாலின ஈர்ப்புடையவர்கள். ஹார்ட்லி பெர்லினில் நேசித்த ஜெர்மன் அதிகாரி 1914-ல் போரில் மாண்டார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளையும், இறந்த வயதான 24-ஐயும் ஹார்ட்லி தம் ஓவியத்தில் எழுதி வைத்தார். கேட்டவர்களிடம் மட்டும், மறைபொருள் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். துக்கத்தைக்கூட வெளியே சொல்ல முடியாத காலம் அது.

நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் 1940-ல் அங்கே ஓர் இளம் நடனக்காரரிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அந்தக் கோடையை மேடை நாடகமாக்க அவருக்கு 1981 வரை ஆயிற்று.

வீட்டுக்காரம்மாக்கள் புரட்சிக்காரர்கள் அல்ல. வாடகை வந்தது, பையன்கள் மரியாதையாக இருந்தார்கள், அதற்கு மேல் கேட்கவில்லை. வேலைக்கு வந்த புதிதில் வடக்கே நானும் ஒரு நண்பரும் அறை தேடி அலைந்தபோது, சாதி என்ன, சமையல் என்ன, ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டே கதவைச் சாத்தினவர்கள் எத்தனையோ பேர். கேள்வி கேட்காத வீட்டுக்காரரின் அருமை நமக்குத் தெரியாதா?

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1952-ல் ஊராட்சித் தலைவர்களே இவர்களுக்கு எதிராக ஊர்மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். ஆயினும் கோடைதோறும் அறைகள் நிறைந்தன. காலப்போக்கில், வாடகைக்கு வந்தவர்களே விடுதி வாங்கி நிரந்தரமாகக் குடியேறினார்கள்.

பிறகு எய்ட்ஸ் வந்தது. பெற்றவர்களே வீட்டில் சேர்க்காத பிள்ளைகள் கடைசி நாட்களைக் கழிக்க இந்த ஊருக்கு வந்தார்கள். ஊர்ச் செவிலியாக இருந்த ஆலிஸ் ஃபோலியும் வேறு சிலரும் 1983-ல் உதவிக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, இரவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அக்கம்பக்கத்தாரின் வேலையாயிற்று. என்னைக் கேட்டால், ஓவியங்களை விட இதற்காகத்தான் அந்த ஊரை நினைக்க வேண்டும்.

2004 மே 17 முதல் மாசச்சூசெட்ஸில் ஒரே பாலினத்தார் திருமணம் சட்டப்படி செல்லும். அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல். நோயில் மறைந்தவர்களுக்கு 2018-ல் நகர மன்றத்தின் அருகே ஒரு கல் வைத்தார்கள். அதன் மேற்பரப்பைக் கடல் அலையாகவே செதுக்கியிருக்கிறார்கள்.